65 வாட் லேப்டாப்புக்கு 90 வாட் அடாப்டர்: எதை எதற்கு மாட்டலாம், எதை மாட்டக்கூடாது

வீட்டில் இரண்டு லேப்டாப் இருந்தால் பரணில் நாலு அடாப்டர் கிடக்கும். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனுக்குக் கிடைத்தது ஒன்று, தங்கை கல்லூரிக்கு வாங்கியது ஒன்று, ஆபீஸில் கொடுத்துத் திரும்ப வாங்காமல் விட்டது ஒன்று. சேலம் கருப்பூர் பக்கம் ஹாஸ்டல் அறைகளில் கேட்கவே வேண்டாம், ஒரே பிளக் பாயின்ட்டைச் சுற்றி எல்லாக் கம்பெனி அடாப்டரும் இருக்கும். சேலத்துக்குள் என்றால் அடாப்டர் செத்த அன்றே ஐந்து ரோடு வரை போய் வேறு வாங்கிவிடலாம். ஏற்காட்டில் ராத்திரி எட்டு மணிக்குச் செத்தால், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவதைவிடப் பக்கத்து அறைக்காரரிடம் கேட்பதுதான் நடக்கிற காரியம். அவர் கொடுக்கிற அடாப்டரில் வாட் வேறாக இருக்கும். மாட்டலாமா?

பதில் இதுதான். வோல்ட் ஒத்துப்போக வேண்டும். முனையில் பிளஸ், மைனஸ் ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியென்றால் வாட் கூடுதலான அடாப்டரைத் தாராளமாக மாட்டலாம். லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகாது. வாட் குறைந்த அடாப்டர் வேறு கதை, அதைப் பிறகு பார்ப்போம்.

லேபிளில் பார்க்க வேண்டிய வரி

அடாப்டரைத் திருப்பினால் பொடி எழுத்தில் பத்து வரி இருக்கும். 'இன்புட்' வரியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கும், நம் ஊர் 230 வோல்ட் அதற்குள் அடங்கும். வேண்டியது 'அவுட்புட்' வரி. அதில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்பதுபோல இரண்டு எண் இருக்கும். இரண்டுக்கும் நடுவே மேலே ஒரு நேர்கோடும் கீழே விட்டுவிட்டு மூன்று சிறு கோடும் இருந்தால் அது டிசி, அதாவது ஒரே திசையில் பாய்கிற கரண்ட். லேப்டாப்புக்கு டிசிதான் வேண்டும். இரண்டு எண்ணையும் பெருக்கினால் வாட். 19.5 × 3.34 = 65.

அடிக்கடி கண்ணில் படுகிறவை இவை. டெல்லில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் 65 வாட், 4.62 என்றால் 90, 6.67 என்றால் 130. எச்பியில் இப்போதைய நீல முனை அடாப்டர் 19.5 வோல்ட், 2.31 ஆம்பியர் 45 வாட், 3.33 ஆம்பியர் 65 வாட். பழைய எச்பியில் 18.5 வோல்ட், 3.5 ஆம்பியரும் உண்டு. லெனோவோ 20 வோல்ட், 2.25 ஆம்பியர் 45 வாட், 3.25 ஆம்பியர் 65 வாட், 4.5 ஆம்பியர் 90 வாட். ஏசர், ஆசுஸ் பெரும்பாலும் 19 வோல்ட், 2.37 ஆம்பியர் 45 வாட், 3.42 ஆம்பியர் 65 வாட், 4.74 ஆம்பியர் 90 வாட்.

பிறகு லேப்டாப்பைக் கவிழ்த்து, அடிப்பக்க ஸ்டிக்கரில் அது கேட்பது எவ்வளவு என்று பாருங்கள். அங்கேயும் அதே மாதிரி வோல்ட், ஆம்பியர் இருக்கும். ஸ்டிக்கர் அழிந்துபோயிருந்தால், செத்துப்போன பழைய அடாப்டரின் லேபிளே சான்று. அதனால் பழசைத் தூக்கிப் போடுவதற்கு முன் லேபிளைப் போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

முனைக்கு ஒரு சிறு படமும் லேபிளில் இருக்கும்: நடுவில் ஒரு புள்ளி, சுற்றி முக்கால் வட்டம், இரண்டிலிருந்தும் கோடு இழுத்து பிளஸ், மைனஸ். லேப்டாப்பில் ஏறக்குறைய எப்போதும் உள்ளே பிளஸ், வெளியே மைனஸ். மாறியிருந்தால் மாட்டாதீர்கள்.

வாட் கூடினால் ஏன் பயமில்லை

'90 வாட்டை மாட்டினால் கரண்ட் அதிகமாகப் பாய்ந்து போர்டு போய்விடும்' என்று கடைக்காரர்களே சிலர் சொல்வார்கள். அது தவறு. அடாப்டர் வோல்ட்டை மட்டும் நிலையாக வைத்திருக்கும். எவ்வளவு ஆம்பியர் இழுப்பது என்பதை லேப்டாப் முடிவு செய்யும். சுவரில் இருக்கிற 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டில் 9 வாட் எல்இடி பல்பை மாட்டினாலும் பல்பு 9 வாட்தான் எடுக்கிறது. லேபிளில் உள்ள 4.62 ஆம்பியர் என்பது அந்த அடாப்டரின் உச்சவரம்பு. அவ்வளவையும் தள்ளியே தீர்வது அதன் வேலையில்லை.

பெரிய அடாப்டர் சின்ன லேப்டாப்புக்கு நல்லதுகூட. 65 வாட் அடாப்டர் முழுச் சுமையில் ஓடும்போது சுமார் 8 வாட் வரை சூடாகவே வீணாகும். அதே சுமையை 90 வாட் அடாப்டர் இழுத்தால் அதற்கு மூச்சு முட்டாது, மேல்தோடும் அவ்வளவு சுடாது. சித்திரை வெயிலில் சேலத்து மொட்டைமாடி அறையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கையால் தொட்டாலே தெரியும். பெரும்பாலான அடாப்டர்கள் 40 டிகிரி சுற்றுப்புற வெப்பத்தை மனதில் வைத்துத்தான் வடிவமைக்கப்படுகின்றன. நம் ஊர் மே மாதம் அந்த எல்லையிலேயே நிற்கிறது. கரண்ட் பில்லும் ஏறாது. பில் லேப்டாப் எடுக்கிற அளவுக்குத்தான்.

வாட் குறைந்தால் என்ன நடக்கும்

இங்கேதான் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. சாதாரண லேப்டாப் சும்மா திறந்திருக்கும்போது 8 முதல் 15 வாட்தான் எடுக்கும். 65 வாட் எதற்கென்றால், பேட்டரியை ஏற்றவும், பிராசஸர் முழு வேகத்தில் ஓடவும், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கவும். அதனால் 65 கேட்கிற லேப்டாப்பில் 45 மாட்டினால் டைப் அடிப்பதிலும் இணையம் பார்ப்பதிலும் குறை தெரியாது. பேட்டரி காலியாக இருக்கும்போது மாட்டி, வீடியோ ரெண்டரும் போட்டால்தான் இடிக்கும்.

டெல்லும் லெனோவோவின் மஞ்சள் செவ்வக முனையும் அடாப்டரின் வாட்டைத் தெரிந்துகொள்கின்றன. டெல் முனையின் நடுவில் ஊசி மாதிரி ஒரு மெல்லிய பின் இருக்கும். அதன் வழியாக அடாப்டருக்குள் இருக்கிற ஒரு சிறு சிப்பைப் படித்து 'இது 65, இது 90' என்று லேப்டாப் அறிகிறது. லெனோவோ செவ்வக முனையில் ஒரு ரெசிஸ்டர் அந்த வேலையைச் செய்கிறது. வாட் குறைவென்று தெரிந்தால் லேப்டாப் தானே அடங்கி நடக்கும்: ஆன் செய்யும்போது எச்சரிக்கை காட்டும், பேட்டரியை மெதுவாக ஏற்றும், சில மாடலில் ஏற்றவே ஏற்றாது, பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எரிச்சல்தான், ஆனால் ஆபத்தில்லை.

ஏசர், ஆசுஸ் போன்றவற்றின் வெறும் உருளை முனையில் இந்தப் பேச்சுவார்த்தை கிடையாது. லேப்டாப் தனக்கு 65 வாட் அடாப்டர்தான் வந்திருக்கிறது என்று நம்பி இழுக்கும். 45 வாட் அடாப்டர் நல்ல தயாரிப்பாக இருந்தால் சுமை தாங்காமல் தன்னை அணைத்துக்கொண்டு, மறுபடி எழுந்து, மறுபடி அணையும். அடாப்டர் விளக்கு மினுக்கும், லேப்டாப்பில் சார்ஜிங் குறி வந்து வந்து போகும். இதைப் பார்த்தவுடனே கழற்றிவிடுங்கள். மட்டமான தயாரிப்பாக இருந்தால் அணையாது, சூடாகிக்கொண்டே போகும், பிளாஸ்டிக் வாடை வரும்.

வேறு வழியில்லை, இன்று ராத்திரி இந்த 45 வாட்டை வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். லேப்டாப்பை முழுவதும் ஷட்டவுன் செய்து பேட்டரியை முதலில் ஏற்றுங்கள், அப்போது மொத்த வாட்டும் பேட்டரிக்குப் போகும். முதல் பதினைந்து நிமிடம் அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்து ஐந்து விநாடி தாங்க முடியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஏறியபின் ஆன் செய்து, விண்டோஸில் பேட்டரி சேவரைப் போட்டு, திரை வெளிச்சத்தைக் குறைத்து வேலை பாருங்கள். யுஎஸ்பியில் தொங்குகிற ஹார்ட் டிஸ்க், போன் எதுவும் வேண்டாம். பேட்டரி அடியோடு செத்துப்போன லேப்டாப்பில் இதைச் செய்யாதீர்கள். திடீரென்று அதிக வாட் தேவைப்படும்போது பேட்டரிதான் கைகொடுக்கிறது. அது இல்லையென்றால் பாதி வேலையில் திரை கறுத்துவிடும்.

கேட்கிற வாட்டில் பாதிக்கும் கீழே போவதை எந்தக் கம்பெனிக்கும் செய்ய வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. 180, 230 வாட் கேட்கிற கேமிங் லேப்டாப்பில் 65 வாட் மாட்டினால், சார்ஜரில் இருந்தபடியே பேட்டரி இறங்குவதைப் பார்க்கலாம்.

வோல்ட்டில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்

19 கேட்கிற இடத்தில் 19.5 தாராளமாகப் போகும். அடாப்டர்களே லேபிளில் உள்ள வோல்ட்டிலிருந்து சில சதவீதம் முன்பின்னாகத்தான் கொடுக்கும். 19-க்கு 20 என்பது ஐந்து சதவீதம் கூடுதல். பெரும்பாலும் ஓடும், ஆனால் அவசரத்துக்கு மட்டும். அதற்கு மேல் வேண்டாம். கீழே இறங்கினால் வேறு சிக்கல்: நாலு செல் பேட்டரி முழுதாக ஏறினால் 16.8 வோல்ட். 15, 16 வோல்ட் அடாப்டரை மாட்டினால் அது முழுதாக ஏறாது.

வீட்டில் உண்மையாகவே லேப்டாப்பைக் கொல்லக்கூடியது ஆர்ஓ வாட்டர் பியூரிஃபையரின் அடாப்டர். பார்வைக்கு லேப்டாப் அடாப்டர் மாதிரியே கறுப்பாக, நீளமாக இருக்கும், உருளை முனையும் இருக்கும். ஆனால் அது 24 வோல்ட். வைஃபை ரௌட்டர், சிசிடிவி கேமரா அடாப்டர்கள் 12 வோல்ட். அவை கெடுக்காது, சார்ஜும் ஆகாது. சேர்ந்து கிடக்கிற அடாப்டர் ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி, வோல்ட்டைப் பெரிய எழுத்தில் மார்க்கரால் எழுதி வையுங்கள். ஸ்லைடு ஸ்விட்சில் 12, 15, 16, 19, 24 என்று தள்ளி வைக்கிற யுனிவர்சல் அடாப்டரில், மாட்டுவதற்கு முன் ஸ்விட்ச் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதன்மேலேயே ஒரு டேப்பை ஒட்டி அசையாமல் செய்துவிடுங்கள். பையில் உரசி அது நகரும்.

முனை உள்ளே போனால் போதாது

முனைக்கு வெளி விட்டம், உள் விட்டம் என்று இரண்டு அளவு. 5.5 மில்லிமீட்டர் வெளி விட்டத்தில் மட்டும் உள் விட்டம் 1.7, 2.1, 2.5 என்று மூன்று வகை உண்டு. 2.5 முனை 2.1 பின்னில் உள்ளே போகும், ஆனால் தொளதொளவென்று நிற்கும். லேசாக அசைத்தால் சார்ஜிங் போய் வரும். ஒவ்வொரு முறையும் உள்ளே சின்னப் பொறி, அந்தப் பொறியில் பின் கருகும், சாக்கெட் சூடாகி அதன் பற்றவைப்பு விட்டுப்போகும். அடாப்டரைக் கடன் வாங்கி நாலு நாள் ஓட்டியதால் சாக்கெட் மாற்ற வேண்டி வருவது இப்படித்தான். முனை இறுக்கமாகச் சென்று, கடைசியில் ஒரு மெல்லிய 'டக்' கொடுத்து நிற்க வேண்டும்.

டெல்லில் தடித்த 7.4 மில்லிமீட்டர் முனை, ஒல்லியான 4.5 மில்லிமீட்டர் முனை என்று இரண்டு. ஒன்றை மற்றொன்றாக மாற்றுகிற குட்டிக் கன்வர்ட்டர் கிடைக்கும். நடுப் பின்னையும் கடத்துகிறதா என்று கேட்டு வாங்குங்கள். கடத்தாவிட்டால் லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது.

அந்த நடுப் பின்னைப் பற்றி இன்னொன்று. 'அடாப்டர் வகை தெரியவில்லை' என்று டெல் லேப்டாப் புலம்பினால் உடனே புது அடாப்டர் வாங்கிவிடாதீர்கள். முனையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். ஊசி வளைந்திருக்கும், அல்லது முறிந்திருக்கும். நேராக இருந்தால், முனைக்குப் பின்னால் ஒயர் மடங்குகிற இடத்தை மெதுவாக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு லேப்டாப்பை ஆன் செய்து எஃப்2 தட்டுங்கள். விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கிற பயாஸ் என்ற அமைப்புத் திரையில் ஏசி அடாப்டர் என்ற இடத்தில் 65 வாட், 90 வாட் என்று எண் வந்தால் ஒயருக்குள் அந்த மெல்லிய கம்பி விட்டுவிட்டுத் தொடுகிறது என்று அர்த்தம். முனை ஒயரை மட்டும் மாற்றினால் போதும். நல்ல வேறொரு டெல் அடாப்டரிலும் எண் வரவில்லையென்றால் கோளாறு லேப்டாப் பக்கத்துச் சாக்கெட்டில்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பது

பரணிலிருந்து எடுத்த அடாப்டரை நேராக லேப்டாப்பில் மாட்டாதீர்கள். முதலில் ஒயர் முழுவதையும் விரலால் தடவி வெட்டு, உப்பல் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்காட்டு ஈரத்தில் கிடந்ததென்றால் முனையின் உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருக்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, காயவிட்ட பிறகே கரண்ட்.

சாதாரண மஞ்சள் மல்டிமீட்டரில் டிசி 200 வோல்ட் நிலைக்குத் திருப்புங்கள். 20 நிலையில் வைத்தால் அதன் உச்சம் 19.99தான், லெனோவோவின் 20 வோல்ட்டை வைத்ததும் இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் காட்டும், அடாப்டர் கெட்டது என்று தப்பாக நினைப்பீர்கள். சிவப்பு முனையை உருளையின் உள்பக்கம், கறுப்பை வெளிப்பக்கம் வையுங்கள். டெல் முனையில் நடு ஊசியைத் தொடாமல், உருளையின் உட்சுவரில் சிவப்பைச் சாய்த்துத் தொட வேண்டும். லேபிளில் 19.5 என்றால் மீட்டரில் 19.3 முதல் 19.8 வரை, அசையாமல் நிற்க வேண்டும். எண் ஏறி இறங்கித் தடுமாறினால் உள்ளே கப்பாசிட்டர் உப்பியிருக்கும். மைனஸ் குறியுடன் வந்தால் முனை தலைகீழ். சுமை இல்லாத நிலையில் வோல்ட் சரியாக வந்தாலும் ஆம்பியர் தாங்குமா என்பதை இது சொல்லாது. அதற்குத்தான் முதல் பதினைந்து நிமிடக் கைப் பரிசோதனை.

டைப்-சி என்றால்

டைப்-சி அடாப்டரில் மல்டிமீட்டர் வைத்தால் பூஜ்யம்தான் வரும். எதிரில் ஒரு கருவி பேசும்வரை அது வோல்ட்டே கொடுக்காது. இந்தப் பேச்சுதான் இதன் பாதுகாப்பு: முதலில் 5 வோல்ட், பிறகு லேப்டாப் கேட்டால் 9, 15, 20. அதனால் 45 கேட்கிற லேப்டாப்புக்கு இப்படிப் பேசி வோல்ட்டை முடிவு செய்கிற 100 வாட் 'பவர் டெலிவரி' சார்ஜரை யோசிக்காமல் மாட்டலாம்.

போன் சார்ஜரை மாட்டுகிறவர்கள் ஏமாறுவது வாட்டைப் பார்த்து. 67 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கும், ஆனால் அந்த வேகம் அந்தக் கம்பெனியின் போனுக்கு மட்டும். லேபிளின் அவுட்புட்டில் 20 வோல்ட் என்ற எண் தனியாக இருக்கிறதா, பக்கத்தில் 3 ஆம்பியராவது இருக்கிறதா என்று பாருங்கள். 9 வோல்ட்டோடு நின்றால் பெரும்பாலான லேப்டாப் ஏற்காது, ஏற்றாலும் 'மெதுவான சார்ஜர்' என்று விண்டோஸ் சொல்லும்.

கேபிளிலும் வரம்பு இருக்கிறது. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர்தான், 20 வோல்ட்டில் 60 வாட். 65 வாட்டுக்கு 3.25 ஆம்பியர் வேண்டும், அதற்கு உள்ளே அடையாளச் சிப் உள்ள 5 ஆம்பியர் கேபிள் தேவை. கேபிள் முனையில் 100 வாட் அல்லது 240 வாட் என்று அச்சிட்டிருப்பதை வாங்குங்கள். இரண்டு, மூன்று போர்ட் உள்ள சார்ஜரில் போனையும் சேர்த்து மாட்டினால் 65 என்பது 45, 20 என்று பிரியும், பிரிகிற நொடியில் லேப்டாப்புக்குச் சார்ஜிங் ஒருமுறை அறுந்து திரும்ப வரும். அது கோளாறில்லை.

சுவர்ப் பக்கம்

அடாப்டரின் மூன்று பின் பவர் ஒயரை எர்த் பின் இல்லாத இரண்டு பின் கன்வர்ட்டரில் மாட்டினால், மெட்டல் பாடி லேப்டாப்பில் மணிக்கட்டு படும்போது சுருக்சுருக்கென்று இருக்கும். அடாப்டருக்குள் இருக்கும் கப்பாசிட்டர் வழியாகக் கசிகிற மிகச் சிறிய கரண்ட் எர்த்துக்குப் போக வழியில்லாமல் நம் கைக்கு வருகிறது. மூன்று பின் சாக்கெட்டுக்கு மாற்றுங்கள். அப்போதும் இருந்தால் வீட்டு எர்த் வேலை செய்யவில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தறி ஓடுகிற பகுதியில் வோல்ட்டேஜ் 170-க்கு இறங்கினாலும் அடாப்டருக்குக் கவலையில்லை, 100 வரை தாங்கும். நியூட்ரல் அறுந்தால்தான் ஆபத்து. அப்போது வீட்டுக்குள் 230-க்கு பதில் 400-ஐ நெருங்கி வரலாம். விளக்குகள் திடீரென்று பளீரென்று எரிந்தால் முதலில் மெயினை இறக்குங்கள். மலையில் இடி இடிக்கும்போது ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஸ்விட்ச் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கிறது, பிளக்கையே பிடுங்க வேண்டும்.

சில அடாப்டர் லேபிளில் மலை உருவமும் 2000 மீட்டர் என்ற எண்ணும் இருக்கும். காற்று மெலிந்த உயரத்தில் சூடு சரியாக இறங்காது, மின்காப்பும் குறையும் என்பதால் வைத்த எல்லை அது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், சேர்வராயன் மலையின் உச்சியும் 2000-ஐத் தொடாது.

புதிது வாங்கும்போது கேட்கிற வாட்டுக்கு ஒரு படி மேலே வாங்குங்கள்: 45-க்கு 65, 65-க்கு 90. லேபிளில் ஐஎஸ் என்று தொடங்கும் இந்தியத் தர அளவுகோல் எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். கடையில் நிற்கும்போதே, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வரும். லேபிளில் உள்ள பெயரும் செயலியில் வருகிற பெயரும் வேறாக இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.